உண்ணி கடித்தால் டாக்டரிடம் போக வேண்டுமா?

மடவார் வளாகத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழும் நமக்கு உண்ணி புதிய விருந்தாளி அன்று. மேற்கே மலை, மலையடியில் தோப்புகள், தோப்புகளில் மேயும் ஆடுமாடுகள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் பால் தரும் பசுவின் காதுமடலிலும் மடியிலும் உண்ணியைக் காணலாம். இராஜபாளையத்தின் பெயரை நாடெங்கும் பரப்பிய வெள்ளை வேட்டை நாய்க்கு 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுப் பெருமை செய்தது. அந்தப் பெருமைக்குரிய நாயின் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கும். மாட்டின் பின்னே நடக்கும் வெள்ளைக் கொக்குக்கு உண்ணிக்கொக்கு என்றும், வேலியோரத்தில் மஞ்சளும் சிவப்புமாகப் பூக்கும் செடிக்கு உண்ணிச்செடி என்றும் நம் முன்னோர் பெயரிட்டுள்ளனர். அந்த அளவுக்கு இச்சிறு பிராணி நம் வாழ்வோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அது நம் தோலிலேயே ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது? நம் வீடுகளில் இதற்கு இரண்டு விதமான விடை கிடைக்கும். ஒரு வீட்டில், "உண்ணி கடிக்காத உடம்பு உண்டா? பிய்த்து எறி!" என்று சொல்லி அத்துடன் மறந்துவிடுவார்கள். மற்றொரு வீட்டில், எங்கோ யாரோ உண்ணி கடித்து இறந்துபோனதாகக் கேள்விப்பட்டு, கடித்த அன்றே மருந்துக் கடைக்கு ஓடி, கடைக்காரர் கொடுத்த மாத்திரையை வாங்கி விழுங்கச் செய்வார்கள். முன்னது அலட்சியம், பின்னது அச்சம். இவ்விரண்டுக்கும் நடுவே அறிவு காட்டும் வழி ஒன்று இருக்கிறது. அதைத்தான் இக்கட்டுரையில் நாம் காணப் போகிறோம்.

உண்ணி என்பது எது?

உண்ணியைப் பூச்சி என்று நாம் சொல்வது பேச்சுவழக்கு. பூச்சிக்கு ஆறு கால்கள். வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால்கள். ஆகையால் விலங்கியலார் இதைச் சிலந்தி, தேள் ஆகியவற்றின் உறவாக வைத்திருக்கின்றனர். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கு மட்டும் ஆறு கால்கள் உண்டு. குஞ்சு, இளம் உண்ணி, முழு உண்ணி என்ற மூன்று பருவங்களிலும் அதன் உணவு இரத்தமே. அதற்குப் பறக்கத் தெரியாது, குதிக்கவும் தெரியாது. புல் நுனியில் ஏறி, முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு காத்திருக்கும். நம் மூச்சையும் உடற்சூட்டையும் உணர்ந்து, உரசிச் செல்லும் விலங்கையோ மனிதரையோ பற்றிக்கொள்ளும்.

கொசு கடித்தால் உடனே கை அங்கே போய்விடும். உண்ணி கடிப்பதோ பெரும்பாலும் தெரிவதே இல்லை. வலியை மறைக்கும் பொருளும், இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளும் அதன் உமிழ்நீரில் இருக்கின்றன. ஆகவே அது பல நாட்கள் ஒரே இடத்தில் தலையைப் புதைத்துக்கொண்டு இரத்தம் குடிக்க முடிகிறது. உண்ணியின் உடலில் நோய்க்கிருமி இருந்தால், அந்த உமிழ்நீர் வழியாகத்தான் அது நம் உடலுக்குள் வருகிறது. உண்ணி எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கிறதோ அவ்வளவுக்கு ஆபத்தும் கூடும். ஆகவே கண்டவுடன் எடுத்துவிடுவதே நாம் செய்ய வேண்டிய முதல் வேலை.

எடுக்கும் முறை

எடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. மண்ணெண்ணெய் ஊற்றுவது, சுண்ணாம்பு தடவுவது, ஊதுபத்தியால் சுடுவது ஆகியவை நம் ஊர்களில் வழக்கமாக இருக்கின்றன. இவற்றால் தோல் புண்ணாகும். அன்றியும், துன்புறுத்தப்பட்ட உண்ணி தன் வயிற்றில் உள்ளதைக் கடிவாயிலேயே கக்கிவிடக்கூடும். நகத்தால் நசுக்குவதும் தவறு. நசுங்கிய உண்ணியின் இரத்தம் விரலில் உள்ள கீறல் வழியே உள்ளே போகலாம்.

நம் வீடுகளில் முள்வாங்கி இருக்கும். அதன் முனையை நன்றாகக் கழுவி, உண்ணியின் வயிற்றைப் பிடிக்காமல், தோலை ஒட்டித் தலைப்பகுதியைப் பிடிக்க வேண்டும். பிறகு திருகாமல், வெடுக்கென்று பிடுங்காமல், ஒரே சீராக மேல்நோக்கி இழுக்க வேண்டும். வாயுறுப்பின் துணுக்கு தோலுக்குள் தங்கிவிட்டால் ஊசியால் குத்திக் கிளற வேண்டாம். தோல் அதைத் தானே வெளியேற்றிவிடும். கடிவாயையும் கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். எடுத்த உண்ணியை மூடியுள்ள சிறு புட்டியில் போட்டு வைத்தால், பின்னால் தேவைப்பட்டால் டாக்டரிடம் காட்டலாம்.

அதன்பின் மிக எளிய காரியம் ஒன்று உண்டு. நம் மாவட்டத்துச் சிவகாசியில் அச்சாகும் காலண்டர் இல்லாத வீடு ஏது? அந்தக் காலண்டரில் உண்ணி கடித்த தேதியை வட்டமிட்டு, யாரை எங்கே கடித்தது என்று எழுதி வையுங்கள். அன்றிலிருந்து 3 வாரம் எண்ணி இன்னொரு வட்டம் போடுங்கள். இவ்விரண்டு வட்டங்களுக்கும் இடைப்பட்ட நாட்களே நாம் கண்விழிப்பாக இருக்க வேண்டிய நாட்கள்.

கடித்தவுடன் மாத்திரை வேண்டுமா?

உண்ணியை எடுத்தாயிற்று, உடம்பிலும் ஒன்றும் இல்லை, முன்னெச்சரிக்கையாக ஒரு மாத்திரை போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். இந்த எண்ணம் பெரும்பாலும் வெளிநாட்டுச் செய்திகளிலிருந்து வந்தது. அதன் வரலாறு சுவையானது.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 1975-ஆம் ஆண்டில் அவ்வூர்த் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகள் பலருக்கு முழங்கால் வீங்குவதைக் கண்டு கவலை கொண்டனர். பாலி மர்ரே என்ற தாய், யாருக்கு எப்போது என்ன வந்தது என்று குறித்து வைத்து, சுகாதார அதிகாரிகளிடம் முறையிட்டார். அதிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சியில், அந்நோயை ஒருவகை உண்ணி பரப்புகிறது என்பது தெரியவந்தது. 1981-இல் வில்லி பர்க்டார்ஃபர் என்ற அறிஞர் அந்த உண்ணிக்குள் இருந்த கிருமியைக் கண்டுபிடித்தார். அந்நோய்க்கு லைம் நோய் என்றே பெயர் வந்தது. அங்கே அந்த இன உண்ணி 36 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருந்தால், எடுத்த 72 மணி நேரத்துக்குள் டாக்ஸிசைக்ளின் என்ற மருந்தை ஒரே ஒரு வேளை கொடுப்பதுண்டு.

அந்த ஒரு வேளை மருந்து அந்த நோய்க்கும் அந்த உண்ணிக்கும் உரியது. நம் பசுவிடமும் நாயிடமும் காணும் உண்ணிகள் அந்த இனத்தைச் சேர்ந்தவை அல்ல. நமக்குக் காய்ச்சல் முதலிய குறி எதுவும் இல்லாதபோது, கடிபட்ட ஒரே காரணத்துக்காக மாத்திரை விழுங்க வேண்டுவதில்லை. தேவையில்லாமல் விழுங்கும் மருந்து வயிற்றைக் கெடுக்கும். கிருமிகளுக்கு அம்மருந்தை எதிர்த்து நிற்கும் பழக்கத்தையும் கற்றுக்கொடுக்கும். ஆயினும் லைம் ஊர்த் தாயிடமிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. குறித்து வைத்தலும் எடுத்துச் சொல்லுதலும் ஒரு நோயையே உலகுக்குக் காட்டிக்கொடுத்தன.

காய்ச்சல் வந்தால்?

இப்போது நம் பக்கத்து நோய்களைப் பார்ப்போம். முதலாவது, கியாசனூர்க் காட்டு நோய். 1957-இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் கியாசனூர் என்னும் காட்டுப்பகுதியில் குரங்குகள் இறந்து விழுந்தன. அடுத்து, காட்டுக்குள் போய்வந்த மக்களும் கடும் காய்ச்சலில் விழுந்தனர். காட்டு உண்ணியில் இருந்த ஒரு வைரஸ் அதற்குக் காரணம் என்று கண்டறியப்பட்டது. 2015-இல் இந்நோய் கேரளத்து வயநாட்டிலும் பலரைத் தாக்கியது. மேற்குத் தொடர்ச்சி மலை என்பது ஒரே நெடுஞ்சங்கிலி. ஆகவே மலைப்பாதையில் குரங்கு இறந்து கிடக்கக் கண்டால், அருகே போகாமலும் தொடாமலும் வனத்துறைக்குத் தெரிவிப்பது நம் கடமை.

இரண்டாவது, நாய் உண்ணியால் பரவக்கூடிய உண்ணி டைஃபஸ். காய்ச்சலும் தலைவலியும் வந்து, சில நாட்களில் கை கால்களில், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூட, செம்புள்ளிகள் தோன்றும்.

மூன்றாவதுதான் தமிழ்நாட்டில் நாம் முக்கியமாக அறிந்திருக்க வேண்டியது. பத்திரிகைகள் இதை உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. மருத்துவர்கள் ஸ்க்ரப் டைஃபஸ் என்பார்கள். ஸ்க்ரப் என்றால் புதர். உண்மையில் இதைப் பரப்புவது மாட்டிலும் நாயிலும் நாம் காணும் பெரிய உண்ணி அன்று. அதன் உறவான சிற்றுண்ணியின் குஞ்சு. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கே இருக்கும் இக்குஞ்சை வெறுங்கண்ணால் காண்பது அரிது. புல்லிலும் புதரிலும் வயல் வரப்பிலும் எலிகள் திரியும் இடங்களிலும் இது வாழ்கிறது. நம் உடலில் ஏறி, தோல் மெல்லியதாக உள்ள இடத்தையோ, துணி இறுக்கமாக அழுந்தும் இடத்தையோ தேடிக் கடிக்கும். இரண்டு மூன்று நாட்கள் இருந்துவிட்டுத் தானே உதிர்ந்துவிடும். ஆகவே இந்நோய் வந்தவர்களில் பலர், "என்னை எதுவும் கடிக்கவில்லையே!" என்றே சொல்வர்.

கடித்த 6 முதல் 21 நாட்களுக்குள், பெரும்பாலும் 10 நாட்களை ஒட்டி, காய்ச்சல் தொடங்கும். குளிர் நடுக்கம், கடும் தலைவலி, உடல்வலி, சிலருக்கு இருமலும் வாந்தியும் இருக்கும். தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் அதை அடுத்த பனிக்காலத்திலும் இது மிகுதி. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நம் மாநிலப் பொது சுகாதாரத் துறை இக்காய்ச்சலைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களும் இலண்டன் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து, தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் 32,000-க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்து, 2025-இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டனர். ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்துப் பேர் வரை இக்கிருமி தொற்றுகிறது என்று அவர்கள் கண்டனர். தொற்றிய எல்லாருக்கும் காய்ச்சல் வருவதில்லை. ஒரு பகுதியினருக்கு மட்டுமே வருகிறது. ஆனால் வந்தவர்களில் சிலருக்கு அது உயிருக்கே உலையாகிறது.

மலிவான மருந்தும் தாமதத்தின் விலையும்

இக்கிருமிக்கு ஓரியன்ஷியா ட்ஸுட்ஸுகமுஷி என்று பெயர். ஜப்பானிய மொழியில் முஷி என்றால் பூச்சி. இரண்டாம் உலகப் போரின்போது அஸ்ஸாம், பர்மா எல்லைக் காடுகளில் போரிட்ட படைவீரர்களைத் துப்பாக்கிக் குண்டுகளோடு இந்நோயும் வாட்டியது. அக்காலத்தில் இதற்குத் தக்க மருந்து இல்லை. 1948-இல் மலாயாவின் கோலாலம்பூரில் குளோராம்பெனிகால் என்ற மருந்து இதைக் குணப்படுத்தும் என்று கண்டனர். அதன்பின் இன்னும் நல்ல மருந்துகள் வந்தன. இன்று பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின் அல்லது அஸித்ரோமைசின் கொடுக்கிறார்கள். நோயாளியின் வயது, கருவுற்ற நிலை, நோயின் கடுமை ஆகியவற்றைப் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். நோய் முற்றியவர்களுக்கு இவ்விரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது என்று வேலூர் மருத்துவர்கள் தலைமையில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது.

தொடக்கத்திலேயே சரியான மருந்து உள்ளே போனால், பெரும்பாலும் இரண்டு நாட்களுக்குள் காய்ச்சல் இறங்கிவிடும். விலையும் சில ரூபாய்தான். காலம் தாழ்த்தினாலோ நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், மூளை என்று ஒவ்வோர் உறுப்பாகப் பாதிக்கப்படலாம். மருத்துவமே செய்யாமல் விட்டால், நூற்றுக்கு ஆறு பேர் அளவில் உயிரிழப்பர் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டுள்ளனர்.

இவ்வளவு எளிதில் குணமாகும் நோயில் ஏன் உயிர்கள் போகின்றன? இரண்டு காரணங்களைச் சொல்லலாம். முதலாவது, இது எல்லாக் காய்ச்சலையும் போலவே தொடங்குகிறது. டெங்கு, மலேரியா, டைஃபாய்டு, எலிக்காய்ச்சல் எல்லாம் முதல் மூன்று நாட்களில் ஒரே முகத்துடன்தான் வருகின்றன. காய்ச்சல் மாத்திரை சூட்டைத் தணிக்கும், கிருமியைத் தொடாது. பென்சிலின் வகை மருந்துகளும் இக்கிருமியிடம் பலிப்பதில்லை. ஆகவே கடையில் வாங்கிய மாத்திரையோடு ஒரு வாரம் கழிந்துவிடுகிறது. இரத்தப் பரிசோதனைகூட முதல் வாரத்தில் நோய் இல்லை என்று காட்டக்கூடும். இதனால்தான், சந்தேகம் வலுவாக இருந்தால் பரிசோதனை முடிவுக்காகக் காத்திராமல் மருந்தைத் தொடங்கலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. அந்தச் சந்தேகம் டாக்டருக்கு எப்படி வரும்? நாம் சொன்னால்தான் வரும்.

வெட்கம் என்ற திரை

இரண்டாவது காரணம் எங்களைப் போன்ற பெண்பிள்ளைகளை நேராகத் தொடுவது. அதைச் சற்றுத் திறந்த மனத்துடன் பேச விரும்புகிறோம்.

சிற்றுண்ணி கடித்த இடத்தில் பலருக்கு ஓர் அடையாளம் தோன்றும். முதலில் சிறு கொப்புளம். பிறகு நடுவில் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். பீடி நெருப்பால் சுட்ட வடு போல இருக்கும். வலிக்காது, அரிக்காது. ஆகவே உடையவருக்கே அது தெரியாமல் இருக்கும். எல்லாருக்கும் இது வருவதில்லை. வந்தால் இதைவிட உறுதியான தடயம் வேறு இல்லை. இந்த ஒரு பொருக்கைக் கண்ட டாக்டர் பரிசோதனைச் சாலையைக் கேளாமலே நோயை யூகித்துவிடுவார்.

அந்தப் பொருக்கு இருக்கும் இடங்கள் யாவை? காதின் பின்புறம், கழுத்து, அக்குள், மார்பின் கீழ் மடிப்பு, பாவாடை நாடா அழுந்தும் இடுப்பு, தொடை இடுக்கு, பிட்டம். இவற்றுள் பெரும்பாலானவை துணிக்குள் மறைந்திருப்பவை. டாக்டர் கண்ணையும் நாக்கையும் பார்ப்பார், நாடி பிடிப்பார், நெஞ்சில் குழல் வைப்பார். "உடம்பில் எங்காவது புண் உண்டா?" என்று கேட்டால், நம் சகோதரிகளில் எத்தனை பேர் தலைகுனிந்து, "இல்லை" என்று சொல்லிவிடுகிறோம்! பக்கத்தில் அப்பாவோ அண்ணனோ நின்றால் அந்த "இல்லை" இன்னும் விரைவாக வரும்.

வெட்கத்தால் உயிர் போன கதை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவியருக்கு உதவ வருமாறு ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணை அழைத்தனர். அவர் மருத்துவம் படிக்காதவர். அவருடைய தந்தையே டாக்டர். ஆனால் ஆண் டாக்டர் தங்கள் மனைவியரைப் பார்க்கக் கூடாது என்று அவர்கள் மறுத்துவிட்டனர். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர். அந்த இரவே ஐடா ஸ்கடரை மருத்துவராக்கியது. அவர் 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனையே இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரி. உண்ணிக் காய்ச்சலைப் பற்றி நாம் மேலே கூறிய ஆய்வுகள் அங்கிருந்துதான் வந்தன. அன்று அப்பெண்களுக்குப் பெண் டாக்டர் கிடைக்கவில்லை. இன்று நம் அரசு மருத்துவமனைகளில் பெண் டாக்டர்களும் செவிலியரும் இருக்கின்றனர். "அக்கா, திரைக்குப் பின்னால் காட்டுகிறேன்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். பார்ப்பவர் பெண்ணானாலும் ஆணானாலும், மருத்துவர் முன் உடம்பு நோயுள்ள உடம்பு மட்டுமே. அதில் நாணுவதற்கு எதுவும் இல்லை.

வீட்டில் தாய்மார்களுக்கும் இதில் பங்கு உண்டு. மகளுக்கு இரண்டு நாள் காய்ச்சல் என்றால், குளிக்கும் அறையில் நல்ல வெளிச்சத்தில் தலைமயிர் ஓரம் முதல் கால்விரல் வரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். வயது வந்த பெண் சம்மதிக்கவில்லையென்றால், கண்ணாடியைக் கையில் கொடுத்து, எங்கெங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள்.

எப்படி முடிவு செய்வது?

இதுவரை கண்டதைச் சுருக்கித் தருகிறோம்.

1. உண்ணியை முழுதாக எடுத்தாயிற்று, உடம்பு நலமாக இருக்கிறது என்றால், டாக்டரிடம் போக வேண்டுவதில்லை. தேதியைக் குறித்து வைத்து 3 வாரம் கவனித்தால் போதும். கடித்த இடத்தில் சிறு சிவப்பும் அரிப்பும் இருந்தால் சில நாட்களில் அடங்கிவிடும்.

2. உண்ணியை எடுக்க முடியவில்லை, அல்லது கண் இமையிலோ காதுக்குள்ளோ கடித்திருக்கிறது, அல்லது கடித்த இடம் நாளுக்கு நாள் சிவந்து வீங்கிச் சீழ் கோக்கிறது என்றால், காய்ச்சல் இல்லாவிட்டாலும் டாக்டரிடம் போக வேண்டும்.

3. கடித்த 3 வாரத்துக்குள் காய்ச்சல், கடும் தலைவலி, உடம்பில் புள்ளி, கறுத்த பொருக்கு இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். "நாளை பார்க்கலாம்" என்பது இங்கே கூடாது.

4. உண்ணி கடித்ததே நினைவில்லை; ஆனால் தோப்பு, வயல், செண்பகத்தோப்பு, அய்யனார் கோவில் அருவி, சதுரகிரி போன்ற இடங்களுக்குப் போய்வந்து 3 வாரத்துக்குள் காய்ச்சல் கண்டிருக்கிறது என்றாலும் போக வேண்டும். போய்வந்த இடத்தையும் மறவாமல் சொல்ல வேண்டும்.

5. மூச்சுத் திணறல், மனக்குழப்பம், வலிப்பு, ஓயாத வாந்தி, சிறுநீர் குறைதல், கண் மஞ்சளித்தல், இரத்தக் கசிவு ஆகிய குறிகளில் ஒன்று கண்டாலும், 108 ஆம்புலன்ஸை அழைத்துப் பெரிய மருத்துவமனைக்கே கொண்டுசெல்ல வேண்டும்.

டாக்டரிடம் போனதும், "காய்ச்சல்" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். "இத்தனை நாளாகக் காய்ச்சல், இந்தத் தேதியில் உண்ணி கடித்தது, இந்த இடத்தில் இப்படி ஒரு புண் இருக்கிறது, இந்த மாத்திரைகளைச் சாப்பிட்டோம்" என்று நான்கு செய்திகளைச் சொல்லுங்கள். மிகுதியை அவர் பார்த்துக்கொள்வார். எழுதிக்கொடுத்த மருந்தைக் காய்ச்சல் விட்டவுடன் நிறுத்தாமல், சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள்.

வருமுன் காத்தல்

தோப்புக்கும் மலைக்கும் போவதை நாம் நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். நம் மலை 1988 முதல் சாம்பல் நிற அணிலின் சரணாலயமாகவும், 2021 முதல் புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் விளங்கும் செல்வம். போகும்போது முழுக்கைச் சட்டையும் கணுக்கால் மறைக்கும் உடையும் அணியலாம். புல்மீது நேராக உட்காராமல் விரிப்பு விரிக்கலாம். புதர்மேல் துணி உலர்த்துவதைத் தவிர்க்கலாம். வீடு திரும்பியதும் உடுத்திய துணியை வெந்நீரில் ஊறவைத்து, உடம்பைத் தேய்த்துக் குளிக்க வேண்டும். வீட்டைச் சுற்றிப் புல் மண்டாமலும் எலி அண்டாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். நாய்க்கும் மாட்டுக்கும் உண்ணி மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டே போட வேண்டும். நாயை மடியில் வைத்துக் கைவிரலால் உண்ணி பிடுங்கும் பழக்கத்தை நம் தம்பி தங்கையர் விட்டுவிட வேண்டும்.

விடுதியில் தங்கிப் படிக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. உண்ணிக் காய்ச்சல் மிகுந்து வரும் மாதங்களிலேயே அரையாண்டுத் தேர்வும் திருப்புதல் தேர்வும் வருகின்றன. "காய்ச்சல் என்று சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ, தேர்வு போய்விடுமோ" என்று போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே படிப்பவர்கள் நம்மில் உண்டு. தேர்வு அடுத்த ஆண்டும் வரும். இரவில் உடம்பு கொதித்தால் விடுதிச் சகோதரியை எழுப்பத் தயங்காதீர்கள். தோழி நடுங்குவதைக் கண்டால், "சொல்லாதே" என்று அவள் கெஞ்சினாலும் நீங்கள் போய்ச் சொல்லுங்கள். அதைக் கோள் சொல்லுதல் என்று எவரும் கருதமாட்டார்.

நம் மடவார் வளாகம் வைத்தியநாதர் கோயிலால் பெயர் பெற்ற ஊர். மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர் தீராத வயிற்று வலியோடு இங்கு வந்து தங்கி நலம் பெற்றார் என்று தலவரலாறு கூறுகிறது. நாடாளும் மன்னரும் தம் நோயை மறைக்காமல், நலம் தேடி நெடுந்தூரம் வந்தார். நமக்கோ ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராஜபாளையத்திலும் அரசு மருத்துவமனைகள் பேருந்துத் தொலைவில் இருக்கின்றன. மருந்தும் அங்கே இலவசமாகக் கிடைக்கிறது. நாம் கொண்டுபோக வேண்டியது மூன்றுதான்: காலண்டரில் வட்டமிட்ட ஒரு தேதி, மறைக்காத ஒரு புண், தயங்காத ஒரு வாய். உண்ணி கடித்த அன்று நாம் அஞ்ச வேண்டாம். காய்ச்சல் கண்ட அன்று நாம் வாளாவிருக்கவும் வேண்டாம். இதை இன்றே நம் வீட்டுப் பாட்டிக்கும் தங்கைக்கும், வயலில் வேலை செய்யும் அக்காமார்களுக்கும் எடுத்துச் சொல்வோம்.